நரிப்பாறைவிளையில் எத்தனை பேர்?

இது நடந்தது. ஜாஸ்பினுக்குப் பொய் சொல்லத் தெரியாது என்பதற்காக இதை நான் நம்பவில்லை. வார்டு மெம்பர் ஆன பிறகு அதையும் அவள் கொஞ்சம் பழகிக்கொண்டாள். ஆனால், பயந்தேன் என்று மட்டும் அவள் வாயிலிருந்து வராது. எலும்பு முறிந்தாலும் 'லேசா சுளுக்கு' என்பாள். அப்படிப்பட்டவள், 'அன்னைக்கு நான் பயந்துட்டேன்' என்று சொன்னது வாழ்க்கையில் ஒரே ஒரு தடவை. அதனால் நம்பினேன். நீங்கள் உங்கள் இஷ்டம்.

2023, ஆடி மாதம். செவ்வாய்க்கிழமை.

காலையில் ஊராட்சி அலுவலகத்தில் கூட்டம். ஒவ்வொரு சிற்றூரைப் பற்றியும் சுருக்கமாக ஒரு விவரம் எழுதி மேலே அனுப்ப வேண்டும். எத்தனை வீடு, எத்தனை ஆள், எத்தனை கிணறு, பள்ளிக்கூடம் எவ்வளவு தூரம். அதை வைத்துத்தான் குடிதண்ணீர்க் குழாய் எந்த ஊருக்கு என்று முடிவாகும். செயலர் ஆன்ட்ரூஸ் ஒவ்வொன்றாக வாசித்துக்கொண்டு வந்தார். கடைசியில் ஒரு ஊர்.

"நரிப்பாறைவிளை. மக்கள் இல்லை."

ஜாஸ்பின் நிமிர்ந்தாள். அது அவள் வார்டு.

"ஆளு இல்லாமலா சார் அங்க பிச்சிப்பூ பறிச்சு தோவாளைச் சந்தைக்கு வருது? பூவு தானா நடந்தா வருது?"

"இருக்கலாம் மெம்பர். ஆனா எந்தக் கணக்கெடுப்புலயும் அங்க ஆளு எண்ணிக்கை வரல. போனவன் எல்லாம் வெறுங்கையோட திரும்பி வந்திருக்கான். பேரை எடுத்துட்டு பக்கத்து ஊரோட சேத்துருவோம். ஆட்சேபணை உண்டா?"

மற்றவர்கள் டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். ஒருவரும் வாய் திறக்கவில்லை.

"உண்டு" என்றாள் ஜாஸ்பின். "நானே போய் எண்ணிட்டு வாறேன். இன்னைக்கே."

நரிப்பாறைவிளையை நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். ஆரல்வாய்மொழியைத் தாண்டி, மலை அடிவாரத்தில், மூன்று பக்கமும் மின்சாரக் காற்றாடிகள் சூழ்ந்த ஒரு துண்டு செம்மண். பதினைந்து இருபது வீடுகள் இருக்கும். கடை கிடையாது. பஸ் கிடையாது. ஒரே ஒரு கிணறு, அதிலும் தண்ணீர் கரிக்கும். பனைகள் எல்லாம் கிழக்குப் பக்கமாகச் சாய்ந்து நிற்கும். நூறு வருடமாக மேற்கிலிருந்து காற்று தள்ளினால் பனை வேறு என்ன செய்யும்? ஆடியில் அந்தக் காற்று, கூரை ஓட்டைப் பிய்த்து வீசும். பேசினால் வாய்ச் சொல்லை அடித்துக்கொண்டு போய்விடும்.

அந்தக் காற்றில்தான் ஜாஸ்பின் ஸ்கூட்டியில் போனாள். வண்டி இரண்டு தடவை தடுமாறியது. சேலைத் தலைப்பை இடுப்பில் இறுக்கிச் செருகிக்கொண்டாள். ஊருக்கு முன்னால் ஒரு ஓடை. அதன் மேல் சின்னப் பாலம். பாலத்தைத் தாண்டினாள்.

காற்று நின்றது.

குறையவில்லை... நின்றது. யாரோ கதவைச் சாத்தியதுபோல.

ஜாஸ்பின் வண்டியை நிறுத்தினாள். நல்ல உச்சிவெயில். காலடியில் நிழல் இல்லை. சுற்றிலும் நிமிர்ந்து பார்த்தாள். காற்றாடிகள் சுற்றிக்கொண்டிருந்தன. வேகமாகத்தான் சுற்றின. ஆனால் அந்த 'வுஷ்... வுஷ்...' சத்தம் மட்டும் இல்லை.

'மலை மறைக்குது போல' என்று நினைத்துக்கொண்டாள். எதற்கும் ஒரு காரணம் சொல்லிக்கொள்வது அவள் வழக்கம்.

ஊருக்குள் நுழைந்தாள். கொடியில் ஒரு மஞ்சள் சேலை காய்ந்தது. ஆடாமல், மடிப்புக் கலையாமல், நேராகத் தொங்கியது. ஒரு நாய்கூடக் குரைக்கவில்லை. ஒரு மதில் மேல் கோழிகள் வரிசையாக உட்கார்ந்திருந்தன. எல்லாம் ஒரே பக்கம் பார்த்துக்கொண்டு. வெயிலில்.

முதல் வீடு. கதவு பாதி திறந்திருந்தது. உள்ளே இருட்டு. சோறு வேகும் மணம்.

"ஆராவது இருக்கியளா?"

"இருக்கோம்."

பெண் குரல். நடுத்தர வயது. வேலையாக இருக்கிறவள் குரல் மாதிரிச் சாதாரணமாக இருந்தது.

"மெம்பர் வந்திருக்கேன். எண்ணிக்கை எடுக்கணும். வீட்டுல எத்தன பேரு?"

"நாலு."

"கொஞ்சம் வெளிய வாருங்களேன்."

யாரும் வரவில்லை. அடுப்பில் கை வேலையாக இருக்கும். ஜாஸ்பின் நாலு என்று மனதில் வைத்துக்கொண்டு நடந்தாள்.

இரண்டாவது வீடு.

"ஆராவது இருக்கியளா?"

"இருக்கோம்."

அதே குரல்.

ஜாஸ்பின் திரும்பிப் பார்த்தாள். முதல் வீட்டுக்காரி பின்வாசல் வழியாக இங்கே வந்திருப்பாள். உறவுக்காரியாக இருக்கும்.

"இங்க எத்தன பேரு?"

"ரெண்டு."

மூன்றாவது வீட்டின் முன்னால் வந்தாள். வாய் திறக்கப் போனாள்... திறக்கவில்லை.

கதவில் பூட்டு. வெளியிலிருந்து. பெரிய பித்தளைப் பூட்டு.

சரி, ஆள் இல்லை என்று திரும்பினாள்.

"இருக்கோம்."

பூட்டுக்கு உள்ளேயிருந்து.

"அஞ்சு."

அவள் கேட்கவே இல்லை.

கழுத்தில் கிடந்த சிலுவையைத் தொட்டாள். நாலாவதாக இருந்தது வீடு இல்லை. கூரை போய் எத்தனையோ வருடம் ஆன வெறும் சுவர்கள். உள்ளே எருக்கஞ்செடி ஆள் உயரம் வளர்ந்திருந்தது. வாசற்படி இருந்த இடத்தில் கறையான் புற்று.

ஜாஸ்பின் ஓர் அடி பின்னால் வைத்தாள்.

"இங்கயும் இருக்கோம்."

எருக்கஞ்செடிக்குள்ளிருந்து... அதே குரல். இப்போது கொஞ்சம் சிரிப்பு கலந்து.

"ஏட்டி ஜாஸ்பினு..."

பேர். அவள் பேர்.

"உனக்க வீட்டுல எத்தன பேரு?"

யாராவது கேட்டால் சொல்வோமே, அப்படி வாய் தானாகச் சொல்லிவிட்டது.

"மூணு."

கோழிகள் எல்லாம் ஒரே நேரத்தில் அவள் பக்கம் தலையைத் திருப்பின.

"ரெண்டு" என்றது குரல்.

ஜாஸ்பின் ஓடினாள். அதை அவள் மறைக்கவில்லை. 'ஓடினேன், செருப்பு ஒன்னு கழண்டு போச்சு, எடுக்கல' என்றுதான் சொன்னாள். வண்டி ஒரே அழுத்தில் கிளம்பியது. பாலம் வரை வந்துவிட்டாள். அந்தப் பக்கம் காற்று புழுதியைச் சுழற்றி அடிப்பது கண்ணுக்குத் தெரிந்தது. இன்னும் பத்தடி.

பிரேக் பிடித்தாள்.

அவள் வீட்டில் மூன்று பேர். அவள். மகள் அபினா, இரண்டாம் வகுப்பு. கணவன் எபின், காற்றாடி மெக்கானிக். தினமும் அந்தத் தூண்களுக்குள் ஏணியில் ஏறி இறங்குகிறவன். அந்த நேரத்தில் எந்தத் தூணில் நின்றுகொண்டிருந்தானோ.

இரண்டு என்றால்... யார் இல்லை?

காலையில் நடந்த கூட்டம் அவள் நினைவுக்கு வந்தது. 'ஆட்சேபணை உண்டா?' என்று கேட்பார்கள். வாய் திறக்காமல் எழுந்து போனால் முடிந்தது. அவர்கள் சொன்னதே தீர்மானம். பிறகு சுவரில் முட்டினாலும் மாறாது. மூன்றரை வருடம் மெம்பராக இருந்து அவள் படித்த பாடம் அந்த ஒன்றுதான்.

வண்டியைத் திருப்பினாள்.

ஒரு காலில் செருப்பு இல்லை, செம்மண் சுட்டது. அந்தக் கூரையில்லாத சுவரின் முன்னால் போய் நின்றாள். இடுப்பில் கை வைத்தாள்.

"ஆட்சேபணை உண்டு."

சுவரைப் பார்த்து விரலை நீட்டினாள்.

"ரெண்டுன்னு சொன்னது ஆரு? முகத்தக் காட்டு. எந்தக் கணக்குல ரெண்டு? பேரச் சொல்லு!"

எருக்கின் ஒரு இலை மட்டும் அசைந்தது.

"நான் சொல்லுகேன் கேட்டுக்கோ. எனக்க மாப்பிள எபின். எனக்க மக அபினா. நானு. மூணு."

"ரெண்டு."

இந்தத் தடவை முதல் வீட்டிலிருந்து. இரண்டாவது வீட்டிலிருந்து. பூட்டிய வீட்டிலிருந்து. ஊரில் இருந்த எல்லா வீட்டிலிருந்தும்... ஒரே நேரத்தில். ஒரே குரல்.

"மூணு!"

"ரெண்டு."

"மூணு!"

பின்னால் யாரோ நிற்பது தெரிந்தது. திரும்பவில்லை. காதுக்குப் பக்கத்தில் மூச்சு. குளிர்ந்த மூச்சு.

"அம்மா..."

அபினாவின் குரல்.

"அம்மா, ரெண்டும்மா..."

'அங்கதான் நான் பயந்தேன்' என்றாள் ஜாஸ்பின். 'சரி' என்று சொல்லிவிட்டால் எல்லாம் முடிந்துவிடும்போல இருந்தது. நாக்கு நுனி வரை வந்துவிட்டது.

பிறகு கோபம் வந்தது.

"எனக்க பிள்ளைக்க வாயால பேசாத!"

தொண்டை கிழியக் கத்தினாள்.

"மூணு! நீ எத்தன வீட்டுல இருந்து சொன்னாலும் மூணு! நூறு வாயால சொன்னாலும் மூணு! மூணு!"

காதருகே அந்த மூச்சு மட்டும். உள்ளே... வெளியே...

"மூணு போதுமா?"

அபினாவின் குரல் இல்லை. பழைய குரல். அலுத்துப்போன குரல்.

"போதும்!" என்றாள் ஜாஸ்பின்.

"செரி. மூணு."

காற்று வந்து அவளை அடித்தது.

கீழே விழுந்தாள். கொடியில் கிடந்த சேலை பறந்து போய் முருங்கையில் சிக்கியது. கோழிகள் அலறிக்கொண்டு சிதறின. காற்றாடிகளின் இரைச்சல் காதைப் பிளந்தது. எழுந்து பார்த்தால்... எல்லா வீட்டிலும் பூட்டு. முதல் வீட்டில், இரண்டாவது வீட்டில், எல்லாவற்றிலும். சோற்று மணம் இல்லை.

பாலத்தைத் தாண்டும்போதே போன் அடித்தது. எபினின் கூட்டாளி டெல்வின்.

"அக்கா, பதறாதீங்க... எபின் அண்ணனுக்கு ஒன்னும் இல்ல..."

பன்னிரண்டே காலுக்கு அது நடந்திருக்கிறது. எபின் தூணுக்கு உள்ளே ஏணியில் இறங்கிக்கொண்டிருந்தான். பாதி உயரம். கால் வழுக்கியது. இடுப்புக் கயிற்றின் கொக்கி பிடிக்கவில்லை. விழுந்தான். விழுந்தவன், கீழ்த்தளத்துக்குச் சற்று மேலே அந்தரத்தில் அப்படியே நின்றான். கை நீட்டி ஏணியைப் பிடித்துக்கொள்ளும் வரை.

"என்னத்துல சிக்கி நின்னிய?" என்று ஆஸ்பத்திரியில் கேட்டாள் ஜாஸ்பின்.

"தெரியல. சட்டையப் பிடிச்சு ஆரோ தூக்குன மாதிரி இருந்து. ஆனா எனக்க மேல ஒருத்தனும் இல்ல ஏட்டி. டெல்வினு கீழதான் நின்னான்."

சட்டையைக் கழற்றிப் பார்த்தாள். பின்கழுத்தில் நாலு விரல், ஒரு கட்டைவிரல். கன்றிப்போய், நீலமாக. மெல்லிய விரல்கள். பெண் விரல்கள்.

மறுநாள் காலையிலேயே நரிப்பாறைவிளைக்கு மறுபடி போனாள். போகாமல் இருந்தால் அவள் ஜாஸ்பின் இல்லை. ஊர் நிறைய ஆள் இருந்தது. குழந்தைகள் ஓடின. ஒரு நாய் அவள் சேலையைப் பிடித்து இழுத்தது. பூ கட்டிக்கொண்டிருந்த பகவதியம்மாளும் அவள் கணவர் தாணப்பனும் எழுந்து வந்தார்கள். அந்த ஊரில் மூத்த குடும்பம் அவர்களுடையது.

"நேத்து எல்லாரும் எங்க போயிருந்திய அண்ணாச்சி?"

"நேத்து ஆடிச் செவ்வா இல்லியா மக்கா? ஊரோட ஔவையாரம்மன் கோயிலுக்குப் போயிட்டோம். கொழுக்கட்ட அவிச்சு, சாப்பிட்டு, விளக்கு வைக்க நேரத்துக்குத்தான் வந்தோம்." தாணப்பன் அவள் காலைப் பார்த்தார். பிறகு, ஊருக்குள் கிடந்து எடுத்து வைத்திருந்த ஒற்றைச் செருப்பை நீட்டினார். "நீ வந்தியா? உச்சியிலயா?"

"ஆமா."

பூச்சரத்தோடு வந்த பகவதியம்மாள் கட்டுவதை நிறுத்தினாள். "எத்தன பேருன்னு கேட்டுதா?"

"கேட்டுது."

"சொன்னியா?"

"சொன்னேன்."

கணவனும் மனைவியும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். தாணப்பன் குரலைத் தாழ்த்தினார்.

"இந்த ஊருல தல எண்ணப்பிடாது மக்கா. ஆரு வந்து கேட்டாலும் நாங்க எண்ணிக்கை சொல்லமாட்டோம். எங்க அப்பன் சொன்னதில்ல, அவருக்க அப்பன் சொன்னதில்ல."

"அது ஆரு அண்ணாச்சி?"

"தெரியாது. கேட்டதும் இல்ல."

"எண்ணிக்கை சொல்லலன்னா உங்க ஊருப் பேரையே வெட்டிருவாங்க. தண்ணி வராது."

"தண்ணி வேண்டாம்" என்றார் தாணப்பன்.

ஜாஸ்பின் விடவில்லை. அடுத்த ஊராட்சிக் கூட்டத்துக்கு இரண்டு டெம்போ வைத்து நரிப்பாறைவிளை முழுவதையும் ஏற்றி வந்தாள். கைக்குழந்தை, கிழவன், கிழவி, குரைக்கிற நாய் உட்பட. அலுவலகத்துக்குள் இடம் இல்லாமல் ஜன்னலில் எல்லாம் முகம். ஒருவரும் பேசவில்லை. சும்மா ஆன்ட்ரூஸைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

"என்ன மெம்பர் இது?"

"மக்கள் இல்லன்னு வாசிச்சியளே. இப்ப வாசியுங்க, அவிய முன்னால."

அவர் வாசிக்கவில்லை. "எத்தன பேருன்னாவது சொல்லுங்க" என்றார்.

"நிறைய பேருன்னு எழுதுங்க."

கடைசியில் என்ன எழுதினாரோ, அவருக்குத்தான் தெரியும். கார்த்திகையில் குழாய் வந்தது. ஊர்ப் பேர் நின்றது.

இத்தோடு முடிந்திருந்தால் இதை நான் எழுதியிருக்கவே மாட்டேன்.

ஆவணி பிறந்ததும் ஜாஸ்பினுக்கு ஒரே அசதி. சோறு இறங்கவில்லை. எபின் பைக்கில் நெய்யூர் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனான். ஸ்கேன் பார்த்த டாக்டர் சிரித்தார். வாரக் கணக்குச் சொன்னார்.

ஜாஸ்பின் மனதுக்குள் பின்னோக்கி எண்ணினாள். அந்த ஆடிச் செவ்வாய் வந்தது. அதையும் தாண்டிப் போனது.

அன்று உச்சிவெயிலில் அந்தச் சுவர் முன்னால் நிற்கும்போதே... அவள் வயிற்றில் இருந்திருக்கிறது.

எபின் அவள் கையைப் பிடித்துக்கொண்டான். "இனி நாம நாலு பே..."

அவன் வாயைப் பொத்தினாள்.

மூணு போதுமா?

போதும்.

அவளே சொன்னது. அவள் வாயால்.

"வண்டிய எடுங்க" என்றாள். "வீட்டுக்கு இல்ல. நரிப்பாறைவிளைக்கு."

போகும் வழியில் எல்லாவற்றையும் சொன்னாள். எபின் சிரிக்கவில்லை. அவன் கழுத்துத் தடம் அப்போதும் முழுதாக ஆறியிருக்கவில்லை.

பாலம் தாண்டினார்கள். காற்று நிற்கவில்லை. வெயில் சாய்ந்துகொண்டிருந்தது. ஊரில் ஆள் நடமாட்டம். ஜாஸ்பின் கூரையில்லாத அந்தச் சுவரின் முன்னால் நின்று கத்தினாள்.

"நாலு! கேக்குதா? நாலு! நான் தெரியாம சொன்னது! மாத்திக்கோ!"

எருக்கஞ்செடி காற்றில் ஆடியது. அவ்வளவுதான். தொண்டை கட்டும் வரை கத்தினாள். பகவதியம்மாள் வந்து தோளைப் பிடித்து அழைத்துப்போய்த் தண்ணீர் கொடுத்தாள்.

வீட்டுக்கு வந்தபோது விளக்கு வைக்கும் நேரம். பக்கத்து வீட்டில் விட்டுப்போன அபினா ஓடிவந்து கட்டிக்கொண்டாள்.

"அம்மா, மத்தியானம் ஒரு அத்தை வந்தாவ."

"ஆரு மக்களே?"

"தெரியாது. கதவுக்குப் பின்னால நின்னாவ. வீட்டுல எத்தன பேருன்னு கேட்டாவ."

ஜாஸ்பின் குனிந்து அவள் தோளைப் பிடித்தாள்.

"நீ என்ன சொன்ன?"

"மூணுன்னு."

பிள்ளையை எபின் கையில் கொடுத்தாள். வாசல் கதவை அகலத் திறந்தாள். தெருவைப் பார்த்துச் சொன்னாள். கத்தவில்லை. அழவில்லை.

"நாலு."

அன்றிலிருந்து தினமும் உச்சி நேரத்தில் வாசலில் நிற்பாள். வீட்டில் இருந்தால் வீட்டு வாசல். அலுவலகத்தில் இருந்தால் அலுவலக வாசல். 'நாலு' என்பாள். உள்ளே போவாள். மெம்பருக்கு மண்டை குழம்பிப்போச்சு என்று ஊரில் பேசினார்கள். பேசட்டும் என்றாள். மழையில் நின்றாள். கால் வீங்கிய பிறகு நாற்காலி போட்டு உட்கார்ந்து சொன்னாள். ஒரு நாள்கூட விடவில்லை. ஒரு நாள்கூடப் பதில் வரவில்லை.

பங்குனியில், நாகர்கோவிலில் ஓர் ஆஸ்பத்திரியில், பையன் பிறந்தான். கஷ்டமான பிரசவம். தொப்புள்கொடி கழுத்தில் சுற்றியிருந்தது. வெளியே எடுத்தபோது அழவில்லை. பிறகு அழுதான். நன்றாக, தெருவுக்குக் கேட்கும்படி அழுதான். இன்றுவரை அந்தத் தொண்டைக்குக் குறைவில்லை.

மூன்றாம் நாள். பிரசவ அறையில் இருந்த ஜிஷா என்கிற நர்ஸ் பிள்ளையைப் பார்க்க வந்தாள். கொஞ்சிவிட்டுக் கேட்டாள்.

"அக்கா, அன்னைக்கு உங்க தலமாட்டுல நின்ன அம்மா ஆரு? உங்க மாமியாரா?"

ஜாஸ்பினின் மாமியார் இறந்து எட்டு வருடம்.

"எந்த அம்மா?"

"உள்ள ஆரையும் விடமாட்டோம். எப்படி வந்தாவன்னு தெரியல. வெளிய போங்கன்னு சொல்லலாம்னு பாத்தேன், அதுக்குள்ள பிள்ளைக்கு மூச்சு இல்லன்னு எல்லாருக்கும் கை கால் ஓடல. அவிய மட்டும் அனங்காம, அசையாம நின்னாவ. உங்க காதுகிட்ட குனிஞ்சு கேட்டுட்டே இருந்தாவ."

"என்ன கேட்டா?"

"நாலு போதுமான்னு."

ஜாஸ்பின் பிள்ளையை இழுத்து நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். அந்த அறையில் நடந்த எதுவும் அவளுக்கு நினைவில்லை. ஒரு முகமும் இல்லை. ஒரு குரலும் இல்லை.

"அதுக்கு... நான் என்ன சொன்னேன்?"

ஜிஷா சிரித்தாள்.

"அந்த வலியிலயும் என்னா கோவம் அக்கா உங்களுக்கு! கண்ணு திறக்காமலே சொன்னிய. 'எண்ணாத. போ'ன்னு."

"பிறவு?"

"பிறவு பிள்ள அழுதுது. திரும்பிப் பாத்தேன்... அவிய இல்ல."